உயரமும் பட்டாவும்

சேலத்துக்காரர்களிடம் ஏற்காட்டைப் பற்றிக் கேட்டால் முதலில் குளிரைச் சொல்வார்கள், அடுத்து இருபது கொண்டை ஊசி வளைவுகளை. வெளியூர்ச் சொந்தங்களை மேலே கூட்டிக்கொண்டு போகும்போது வளைவுக்கு வளைவு நட்டிருக்கும் எண் பலகையைப் பிள்ளைகள் சத்தம் போட்டுப் படிக்கும். பெரியவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து, "மேல போகப் போக மரமெல்லாம் மாறுது பாரு" என்பார்கள். மாறத்தான் செய்கிறது. ஏன் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில் இருக்கிறது: உயரம். குளிர் கூடுகிறது, மழை கூடுகிறது, மரம் மாறுகிறது.

இந்தப் பதில் பாதி வரைக்கும்தான் சரி என்பது என் கட்சி. மீதிப் பாதியைத் தாலுகா ஆபீசில், பட்டாவிலும் சிட்டாவிலும்தான் தேட வேண்டும். கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் உயரத்துக்கு உரியதை உயரத்துக்குக் கொடுத்துவிடலாம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டரில் இருக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,623 மீட்டர். ஒரு கிலோமீட்டர் மேலே போனால் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் சேலம் அஸ்தம்பட்டியில் வண்டியை எடுத்து ஏற்காட்டில் நிறுத்துவதற்குள் எட்டு டிகிரி இறங்கியிருக்க வேண்டும். சித்திரை வெயிலில் சேலம் நாற்பதைத் தொடும்போது ஏற்காடு முப்பதை ஒட்டி நிற்பதற்கு இதுதான் காரணம். மழையும் அப்படித்தான். கீழே வருடத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்தால் மேலே ஆயிரத்து ஐந்நூறை ஒட்டிப் பெய்கிறது. ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும், ஏறும்போது குளிரும், குளிர்ந்தால் நீராவியைத் தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை இல்லாத நாளிலும் மேலே மரப்பட்டைகள் நனைந்தே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மூடுபனி ஈரத்தை நம்பித்தான் பாசியும் மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட்களும் பிழைக்கின்றன. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963இல் ஏற்காட்டில் ஆர்க்கிட் தோட்டம் போட்டதற்கும் இந்தத் தட்பவெப்பம் ஒரு காரணம்.

ஆகவே அடிவாரத்தில் கோடையில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும் மரங்கள்தான் தாக்குப்பிடிக்கும். உசிலை, வெட்பாலை, புரசு, கருங்காலி, வெக்காலி, பாறை இடுக்குகளில் சதுரக்கள்ளி. பங்குனியில் அந்தச் சரிவைப் பார்த்தால் செத்த காடு என்றுதான் தோன்றும். அதெல்லாம் சாகவில்லை, சிக்கனமாக இருக்கிறது. கொஞ்சம் மேலே போனால் வேங்கை, கடுக்காய், நெல்லி, மூங்கில். இன்னும் மேலே, ஓடை ஓரங்களில் இலை உதிர்க்காத மரங்கள் தலைகாட்டும். நாவல் வகைகள், செண்பகம், காட்டு மா. கீழிருந்து மேல் வரை இப்படி வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தால் மலையைப் பட்டை பட்டையாக வெட்டி அடுக்கிய மாதிரி ஒரு படம் மனதில் விழுந்துவிடும். பள்ளிப் புத்தகத்திலும் அப்படித்தான் வரைந்திருப்பார்கள்.

அந்தப் படத்துக்கு ஒரு மூதாதை உண்டு. ஜெர்மானியரான அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் 1802இல் ஈக்வடாரின் சிம்போராசோ எரிமலையில் ஏறினார். மலையைக் குறுக்கே வெட்டியது போல ஒரு படம் போட்டு, எந்த உயரத்தில் எந்தச் செடி என்று அதன் மேலேயே பெயர்களை எழுதி 1807இல் வெளியிட்டார். உயரமும் செடிகளும் பற்றி அதற்குப் பிறகு நடந்த பேச்செல்லாம் ஏதோ ஒரு விதத்தில் அந்தப் படத்துக்குப் பேரன் பேத்திகள்தான். ஆனால் 1956இல் அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைகளின் செடிகொடிகளைப் பற்றி ராபர்ட் விட்டேக்கர் எழுதியது இந்தப் பட்டைக் கணக்கைக் கலைத்துப் போட்டது. ஒரு கூட்டத்து மரங்களெல்லாம் பேசி வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிவதில்லை. ஒவ்வொரு இனமும் தன் போக்கில் ஒரு உயரத்தில் தோன்றி, ஓரிடத்தில் அடர்ந்து, இன்னோர் இடத்தில் மெலிந்து மறைகிறது. கோடு நாம் போட்டதுதான். ஏற்காடு சாலையில் நிதானமாக ஏறிப் பாருங்கள், இது கண்ணுக்கே தெரியும். உசிலை சத்தமில்லாமல் குறைந்துகொண்டே வரும். வேங்கை அதற்கு வெகு முன்னாலேயே தொடங்கியிருக்கும். "இங்கேதான் ஒரு காடு முடிந்து மற்றது தொடங்குகிறது" என்று எந்த வளைவிலும் பலகை நட முடியாது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நடலாம். சரிவு முடிந்து மேட்டு நிலம் தொடங்குகிற இடம் அது. அங்கே மட்டும் காடு சட்டென்று மாறுகிறது. கோடு போட்ட மாதிரி மாறுகிறது. காரணம், அங்கே உண்மையிலேயே ஒரு கோடு இருக்கிறது. அதைப் போட்டது சர்வேயர்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் அமைப்பைக் கவனித்தால் விஷயம் பிடிபடும். பக்கவாட்டில் செங்குத்தான சரிவுகள். உச்சியில் மேடும் பள்ளமுமாக விரிந்த மேட்டு நிலம். சரிவில் ஏர் ஓட்ட முடியாது, வீடு கட்டுவதும் கஷ்டம். 1882இல் வந்த சென்னை வனச் சட்டத்தின் கீழ் எல்லைக்கல் நட்டு ரிசர்வ் காடுகளை வகுத்தபோது இந்த மாதிரிச் சரிவுகள்தான் பெரும்பாலும் அரசாங்கக் காடாக ஆயின. மேட்டு நிலம் எஸ்டேட்களுக்கும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களுக்கும் போனது. அதாவது இந்த மலையில் உயரமும் உரிமையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. கீழே சீமைக் கருவேலம் மண்டிய புறம்போக்கும் வீட்டுமனைகளும், நடுவில் வனத்துறை, மேலே தனியார். சாலையில் ஏறும் நீங்கள் உயரத்தில் மட்டும் ஏறவில்லை, ஒரு நிர்வாகத்திலிருந்து இன்னொன்றுக்கும் மாறிக்கொண்டே போகிறீர்கள். மரம் மாறுவது எதனால் என்று அந்தச் சாலையை மட்டும் வைத்துக்கொண்டு பிரித்துச் சொல்லவே முடியாது.

பிரித்துச் சொல்ல வேண்டுமானால் உயரத்தை நிறுத்தி வைத்துவிட்டு மற்றதை மாற்றிப் பார்க்க வேண்டும். மேட்டு நிலத்தில் சமமான உயரத்தில் சுற்றுவதுதான் அதற்கு வழி. நல்ல வேளையாக ஏற்காட்டைச் சுற்றி அப்படி ஒரு வட்டச் சாலையே இருக்கிறது. அதில் போகும் சுற்றுலாக்காரர்கள் வியூ பாயின்டுக்கு வியூ பாயின்ட் இறங்கி போட்டோ எடுக்கிறார்கள். நடுவில் வேலிகளைப் பார்ப்பதற்கு யாரும் நிறுத்துவதில்லை. என்னைக் கேட்டால் ஏற்காட்டில் பார்க்க வேண்டியதே அந்த வேலிகள்தான்.

வேலிக்கு இந்தப் பக்கம் ஊர்க் கோயிலை ஒட்டி வெட்டாமல் விட்ட ஒரு துண்டுக் காடு. பெரிய மரங்கள், அடியில் அவற்றின் கன்றுகள், கன்றுகளுக்கு நடுவில் கொடிகள், தரையில் மக்கிய இலை. அந்தப் பக்கம் காப்பி எஸ்டேட். அங்கும் மரங்கள் இருக்கின்றன, நிழலும் இருக்கிறது, தூரத்திலிருந்து பார்த்தால் காடு போலவே இருக்கிறது. சாலையின் எதிர்ப்புறம் சாமையும் கேழ்வரகும் விதைத்த கொல்லை, ஓரத்தில் பலா, பாறை அருகே ஒரு கடுக்காய் மரம். கொஞ்சம் தள்ளி, யாரோ மனை போட்டு விற்பதற்காக ஜேசிபி வைத்துச் சமன் செய்த இடம், முழுக்க உண்ணிச்செடி. நான்குக்கும் உயரம் ஒன்று, மழை ஒன்று, குளிர் ஒன்று. செடிக்கூட்டம் நான்கு விதம்.

இதில் காப்பித் தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆளை ஏமாற்றுவது அதுதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியை இங்கே கொண்டுவந்தார். கூடவே பேரி, ஆப்பிள் போன்ற பழ மரங்களும் வந்தன. வெயிலில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு ஒரு குளிர்ந்த மேட்டு நிலம் கிடைத்தது, அராபிகா காப்பிக்கும் அதே நிலம் பொருந்தியது. அராபிகா ஆயிரம் மீட்டருக்கு மேலே நன்றாக வரும், ரொபஸ்டா என்ற இன்னொரு காப்பி வகைக்கு அதைவிடத் தாழ்வான இடம் போதும். காப்பி எங்கே வரும் என்பதை உயரம் முடிவு செய்தது. காப்பி வந்த பிறகு அங்கே வேறு எது இருக்கலாம் என்பதைக் காப்பிக்காரர் முடிவு செய்தார்.

காப்பிக்கு நிழல் வேண்டும். அதனால் தொடக்கத்தில் காட்டை அடியோடு வெட்டாமல், அடியில் இருந்த புதரையும் சிறு மரங்களையும் எடுத்துவிட்டுப் பெரிய மரங்களை நிழலுக்கு விட்டுவைப்பது வழக்கம். அத்தி வகைகள், பலா, வேங்கை, சந்தன வேம்பு என்று பல இனங்கள் தப்பித்தன. பிறகு ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலிருந்து வந்த சில்வர் ஓக் நுழைந்தது. ஏற்காட்டு எஸ்டேட்களில் நெட்டுக்குத்தாக, இலையின் அடிப்பக்கம் வெள்ளி போல மின்ன, இடுப்பில் மிளகுக் கொடியைச் சுற்றிக்கொண்டு நிற்பதெல்லாம் அதுதான்.

என் அத்தை வீட்டுக்கு நாகலூர்ப் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய அத்தி மரம் நின்றது. பழம் பழுக்கும் காலத்தில் பறவைகள் போடும் சத்தத்தில் பக்கத்தில் நின்று பேச முடியாது. ஒரு தடவை போனபோது மரத்தைக் காணோம். மாமாவிடம் கேட்டேன்.

"அத்தி மரம் எனக்கு என்னய்யா குடுக்கும் மாப்ள? அந்த எடத்துல நாலு சில்வர் ஓக் வெச்சிருக்கேன். மொளகு ஏத்தலாம், நாளைக்கு மரத்தையும் வித்துக்கலாம். புள்ள கல்யாணச் செலவுக்கு வேற என்ன இருக்கு எங்கிட்ட?"

"அப்போ மொத்தத் தோட்டத்தையும் சில்வர் ஓக்கா மாத்திருங்களேன் மாமா."

"அதெப்படி? நெழல் ஒரே மாதிரி லேசா ஆயிட்டா தண்டு தொளைப்பான் வந்து ஒக்காந்துக்கும். பலாவ எடுக்க மாட்டேன். பலா இருக்கற பக்கம் காப்பி தெம்பா இருக்கு, நீயே பாரு."

மாமா தாவரவியல் படித்தவர் இல்லை. ஆனால் அவர் சொன்ன இரண்டுமே கணக்குதான். வெயில் படும் அராபிகாத் தண்டுகளில்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு முட்டையிட விரும்பும், நிழல் குறைந்தால் அதன் தொல்லை கூடும். எந்த மரம் நிற்கும், எது விழும் என்பதை அந்தத் தோட்டத்தில் முடிவு செய்வது காப்பி விலை, மிளகு விலை, தடி விலை, ஒரு வண்டு, ஒரு கல்யாணம். கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

இன்னொன்றையும் அங்கேதான் கவனித்தேன். நிழல் மரங்களில் பெரியவை எல்லாம் வயதானவை. அவற்றின் அடியில் ஒரு கன்றுகூட இல்லை. விதை விழாமல் இல்லை, முளைக்காமலும் இல்லை. வருடத்துக்குச் சில தடவை களை எடுக்கும்போது காப்பிச் செடியைத் தவிர மற்றது எல்லாம் களைதான். களைக்கொத்து வேங்கைக் கன்று என்று பார்க்காது. இளவட்டமெல்லாம் திருப்பூருக்குப் போய்விட்ட கிராமம் மாதிரி, பார்ப்பதற்கு ஊர் இருக்கும், திண்ணையில் ஆளும் இருப்பார்கள், அடுத்த தலைமுறைதான் இருக்காது. எஸ்டேட்டுக்குள் போய் எத்தனை வகை மரம் என்று எண்ணினால் நல்ல எண்ணிக்கையே வரும். அதே எஸ்டேட்டில் முழங்கால் உயரக் கன்றுகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். காப்பித் தோட்டம் பல்லுயிர்களுக்கு நல்லது என்று சொல்பவர்கள் முதல் எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறார்கள். மொட்டை வெயிலில் நிற்கும் மனைப்பிரிவோடு ஒப்பிட்டால் நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. பறவைக்கும் பட்டாம்பூச்சிக்கும் இடம் இருக்கிறது. ஆனால் அந்த மரக்கூட்டம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வதில்லை. விழும் மரத்தின் இடத்துக்கு ஒரு சில்வர் ஓக் தயாராக நாற்றங்காலில் நிற்கிறது.

மலையாளி மக்களின் பழைய விவசாயம் இதிலிருந்து வேறு மாதிரி. காட்டில் ஒரு துண்டை வெட்டி எரித்து, சாம்பல் மண்ணில் தினையோ சாமையோ விதைத்து, சில வருடத்தில் மண் களைத்ததும் அதை விட்டு வேறு இடம் போவார்கள். விட்ட இடம் புதராகி, புதர் மரமாகும். அரசாங்கம் இதைக் காட்டை அழிக்கும் பழக்கமாகத்தான் பார்த்தது, ரிசர்வ் எல்லைகள் வந்ததும் அதற்குக் கடிவாளம் போட்டது. எனக்குத் தோன்றுவது: அந்த முறையில் மலையில் எந்த நேரத்திலும் பல வயதுக் காடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கும். திரும்பி வருவதற்கு நிலத்துக்கு அவகாசம் கிடைத்தவரை அதில் பெரிய கேடு இல்லை. சுற்று குறுகினால் கதை வேறு, மரம் வருவதற்குள் மறுபடி வெட்டினால் புல்லும் புதரும்தான் மிஞ்சும். குறிஞ்சித் திணையைப் பாடியவர்கள் மலையை ஆளில்லாத காடாகப் பாடவில்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அதில் தினைப்புனம் இருக்கிறது, பரண் இருக்கிறது, கிளி விரட்டும் பெண் இருக்கிறாள். மலை நிலம் என்றாலே உழைத்த நிலமும் சேர்ந்துதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நெருப்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் சரிவுகளின் கதை பாதியில் நிற்கும். மாசியிலிருந்து வைகாசி வரை சேலத்தில் மொட்டை மாடியில் நின்று வடக்கே பார்த்தால் சில ராத்திரிகளில் மலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு நெளியும். அந்த மாதங்களில் இடி மின்னலில் பற்றும் தீ அபூர்வம், பெரும்பாலும் ஆள் வைத்ததுதான். மேய்ச்சலுக்குப் புதுப்புல் வேண்டும் என்றோ, வழி தெரிய வேண்டும் என்றோ, அணைக்காமல் போட்ட பீடியாலோ. தீ அடிக்கடி போகும் இடத்தில் மெல்லிய பட்டை கொண்ட மரங்களின் கன்றுகள் பிழைக்காது. சுக்குநாறிப் புல் பிழைக்கும், வேர் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. சிற்றீச்சம் பிழைக்கும், மேலே ஓலை கருகினாலும் குருத்து உள்ளே தப்பித்துவிடும். ஆகவே நல்ல மழை பெய்யும் உயரத்தில், மரக்காடு இருக்க வேண்டிய சரிவில், புல்லும் ஈச்சமும் மட்டுமாக ஒரு பரப்பைப் பார்த்தால் "இந்த உயரத்துக்கு இதுதான் தாவரம்" என்று எழுதிவிடக் கூடாது. அந்த ஈச்சம் ஓலையை அறுத்து விளக்குமாறு கட்டுகிறார்கள், நம் வீட்டு மூலையில் நிற்பதும் அதுவாக இருக்கலாம்.

உண்ணிச்செடியோ நம் உயரக் கணக்கையே கேலி செய்கிறது. அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி. அடிவாரச் செக்போஸ்ட் பக்கத்திலும் இருக்கிறது, இருபதாவது வளைவைத் தாண்டியும் இருக்கிறது. அதற்கு வேண்டியது வெளிச்சம் மட்டும். சாலை போட்ட ஓரம், தீ போன சரிவு, உழாமல் விட்ட கொல்லை, எங்கே மேற்கூரை திறந்ததோ அங்கே வரும். பழத்தைப் பறவை தின்று மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். மரங்கள் நெருங்கி நிற்கும் கோயில் காட்டுக்குள் இரண்டடி நுழைந்தால் அது காணாமல் போகிறது. எந்த உயரத்தில் நிற்கிறோம் என்பதை அது சொல்லாது, அங்கே மனிதன் என்ன செய்தான் என்பதைத் தப்பாமல் சொல்லும்.

மண்ணையும் ஒரு வார்த்தை சொல்லி நகர்கிறேன். மலையின் பெரும்பகுதி சார்னோகைட் பாறை. உச்சிப் பகுதிகளில் அது காலங்காலமாகக் கரைந்து, சத்தெல்லாம் அடித்துப் போய், அலுமினியம் மிஞ்சிய பாக்சைட் ஆகியிருக்கிறது. மேட்டூரில் 1960களில் அலுமினியம் உருக்கத் தொடங்கியபோது இங்கிருந்தும் தாது வெட்டினார்கள். அடிவாரத்திலோ கருப்பூர்ப் பக்கம் மேக்னசைட் வெள்ளைக்கல் கரடுகள், மக்னீசியம் மிகுந்த மண். கீழே ஒரு மண், மேலே வேறொரு மண். ஆக உயரத்தோடு சேர்ந்து மாறுகிற பொருட்களில் இதுவும் ஒன்று. சேர்வராயன் கோயிலைச் சுற்றியுள்ள உச்சியில் மரம் குறைவாகப் புல்லாக இருப்பதற்குக் காற்று காரணமா, மேல்மண் இல்லாத பாக்சைட் ஓடு காரணமா, மேய்ச்சலும் தீயும் வைகாசித் திருவிழாக் கூட்டத்தின் கால்களும் காரணமா? நான் எல்லாவற்றுக்கும் பங்கு கொடுப்பேன். 1,623 மீட்டர் என்பது மரம் வளர முடியாத உயரம் அல்ல என்பது மட்டும் நிச்சயம். ஊட்டி இதைவிட அறுநூறு மீட்டர் உயரம், அங்கே சோலைக் காடுகள் இருக்கின்றன.

மலைகளைப் பற்றி இன்னொரு பொதுக் கருத்து உண்டு. செடி வகைகள் அதிகம் இருப்பது அடிவாரத்திலும் இல்லை, உச்சியிலும் இல்லை, நடுவில்தான் என்று உலகின் பல மலைகளில் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். கீழே வறட்சி, மேலே குளிர், நடுவில் இரண்டும் மட்டு. மேலிருந்து இறங்குவதும் கீழிருந்து ஏறுவதும் நடுவில் சந்திக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அடிவாரத்தைத்தான் மனிதன் முதலில் வெட்டினான். வெட்டிய இடத்தில் எண்ணினால் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். நடுச்சரிவு வளமாகத் தெரிவதில் எவ்வளவு இயற்கை, எவ்வளவு நம் கைவேலை என்பது ஆய்வாளர்களே வாதாடும் கேள்வி. சேர்வராயனில் மேலும் கீழும் இரண்டையும் எடுத்துக்கொண்டு நடுவை மட்டும் ரிசர்வ் காடாக விட்டிருக்கிறோம். இங்கே நடுவில் அதிக வகை என்று ஒரு எண்ணிக்கை வந்தால் அதை இயற்கையின் விதி என்று சொல்ல எனக்கு நாக்கு கூசும்.

சரி, இதெல்லாம் எதற்கு, யார் காரணமாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். வெயில் கூடிக்கொண்டே போகிறதே, அதனால்தான் இந்தக் கேள்வி வெறும் வாதமாக இல்லை. சூடு கூடினால் செடிகள் மெல்ல மெல்ல மேலே நகரும் என்பது எதிர்பார்ப்பு. ஹம்போல்டின் சிம்போராசோவுக்கு 2012இல் திரும்பப் போனவர்கள், செடிகள் சராசரியாக ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஏறிவிட்டன என்று 2015இல் எழுதினார்கள். பிறகு வேறு சிலர் ஹம்போல்டின் பழைய குறிப்புகளைத் தோண்டி, அந்தப் படத்தில் இருந்த மேல்மலைச் செடிகளில் பலவற்றை அவர் சேகரித்தது அதே நாட்டிலுள்ள அன்டிசானா எரிமலையில் என்று காட்டினார்கள். அப்படித் திருத்திக் கணக்குப் போட்டதில் ஏற்றம் இருநூற்றுச் சொச்ச மீட்டராகக் குறைந்தது. குறைந்தாலும் ஏற்றம் ஏற்றம்தான்.

நம் மலையில் அந்தக் கணக்கைப் போட்டால் என்ன ஆகும்? ஒரு டிகிரி சூடு கூடினால், பழைய குளிர் கிடைக்க ஏறக்குறைய நூற்றைம்பது மீட்டர் மேலே போக வேண்டும். ஏற்காட்டிலிருந்து சேர்வராயன் உச்சிக்கு நூற்றுச் சொச்ச மீட்டர்தான். ஒரு டிகிரிக்கே மலை போதாது. பக்கத்து மலைக்குத் தாவலாம் என்றால் கிழக்குத் தொடர்ச்சி மலை மேற்கு மலை மாதிரித் தொடர்ச்சியாக இல்லை, துண்டு துண்டாக நிற்கிறது. இங்கிருந்து கொல்லிமலைக்கோ கல்வராயனுக்கோ போக, நடுவில் இருப்பது சமவெளி, மரவள்ளிக் காடு, நான்கு வழிச்சாலை. இந்த மலையின் பெயரையே தாங்கிய ஒரு சிறு மரம் உண்டு, வெர்னோனியா சேவராயென்சிஸ். சூரியகாந்திக் குடும்பம். அழியும் ஆபத்தில் இருக்கிறது, இந்த மலைக்கே உரியதாகப் பதிவாகியிருக்கிறது. நீலகிரியில் பார்க்கும் நீலக்குறிஞ்சியும் இங்கே ஒரு தனித் தீவாக இருக்கிறது, பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் செடி. இவற்றுக்கெல்லாம் மேலே போக இடம் கிட்டத்தட்ட இல்லை.

கீழே இருப்பவற்றுக்கு இடம் இருக்கிறது. எண்ணூறு, ஆயிரம் மீட்டரில் நிற்கும் வேங்கைக்கும் கடுக்காய்க்கும் இன்னும் ஐந்நூறு மீட்டர் மலை பாக்கி. ஆனால் அந்த ஐந்நூறு மீட்டர் எஸ்டேட். விதை பறவை வயிற்றில் ஏறிப் போய் விழும், முளைக்கும், அடுத்த களையெடுப்பில் போய்விடும். உயரத்தைப் பொறுத்தவரை வழி திறந்திருக்கிறது, அடைத்துக்கொண்டு நிற்பது களைக்கொத்து. எந்தச் சூட்டுக்கு எந்தச் செடி எங்கே போகும் என்று கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறவர்கள் வெப்பத்தையும் மழையையும் உள்ளே கொடுக்கிறார்கள். ஏற்காட்டுக்குப் போடுவதாக இருந்தால் களையெடுப்புக் கூலியையும் கொடுக்கச் சொல்வேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மாமா தோட்டத்தின் கீழ்க்கோடியில் ஓடையை ஒட்டி ஒரு செங்குத்தான சரிவு இருக்கிறது. அங்கே நாவல் கன்று, செண்பகக் கன்று, பெயர் தெரியாத இன்னும் சில, இடுப்பளவு, ஆளளவு என்று பல வயதில் நிற்கின்றன. தோட்டத்தில் வேறெங்கும் அப்படி இல்லை. காட்டுக்காக விட்டுவைத்திருக்கிறீர்களா மாமா என்று கேட்டேன்.

"காட்டுக்கும் இல்ல, மேட்டுக்கும் இல்ல. அந்தச் சரிவுல எறங்கிக் களை எடுக்க ஆளு ஒண்ணரைக் கூலி கேக்கறான். கட்டுப்படியாகாது மாப்ள, விட்டுட்டேன்."